இலக்கு எது, தீர்வு எது: வேலையிடப் பிரச்சினைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீம் லீடாகப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும் சரி, பல வருடமாக மேலாளராக இருப்பவர்களும் சரி, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

இலக்கு, தீர்வு: இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

வேலை முடிந்தபிறகு நிலைமை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இலக்கு. அந்த நிலைமைக்குப் போய்ச் சேர நாம் தேர்ந்தெடுக்கும் ஒரு வழி தீர்வு. கேட்கும்போது சுலபமாக இருக்கிறது. மீட்டிங்கில் போய் உட்கார்ந்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன.

"தினமும் காலையில் ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங் வைக்க வேண்டும்" என்பது தீர்வு. "யாருடைய வேலை எங்கே சிக்கி நிற்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட வேண்டும்" என்பது இலக்கு. "புது சாப்ட்வேர் வாங்க வேண்டும்", "இன்னொரு அப்ரூவல் சேர்க்க வேண்டும்", "எல்லோருக்கும் டிரெய்னிங் கொடுக்க வேண்டும்" எல்லாம் தீர்வுகளே, எவ்வளவு உறுதியான குரலில் சொன்னாலும்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும். நாளைக் காலைக்குள் பிரச்சினை தானாகவே சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதைச் செய்வீர்களா? "பிறகு எதற்கு?" என்று தோன்றினால் உங்கள் கையில் இருப்பது தீர்வு. வேலை எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் காலை மீட்டிங்கை யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. வாக்கியத்தில் ஒரு கருவியின் பெயரோ, ஒரு பதவியோ, ஒரு படிவமோ, ஒரு மீட்டிங்கோ வந்தால் பெரும்பாலும் அது தீர்வுதான்.

வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? வேலை நடந்தால் சரிதானே?

நடந்தால் சரிதான். ஆனால் மூன்று இடங்களில் இடிக்கும்.

தீர்வையே இலக்காக எடுத்துக்கொண்டால் வழி ஒன்றுதான். அதை "ஏற்பதா, மறுப்பதா" என்று மட்டுமே பேச முடியும். அதைவிட மலிவான, எளிதான வழி பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

அடுத்தது சண்டை. ஒருவர் தன் தீர்வைச் சொல்லி அதற்காக வாதாடத் தொடங்கிவிட்டால், அதிலிருந்து பின்வாங்குவது தோல்வி மாதிரி ஆகிவிடும். இருவருக்கும் வேண்டியது ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு வழிகளுக்காக மோதிக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் அதிகச் சேதம் செய்வது என்று நினைக்கிறேன். தீர்வு முடிந்ததும் வெற்றி என்று அறிவித்துவிடுகிறோம். சாப்ட்வேர் வாங்கியாச்சு, டிரெய்னிங் கொடுத்தாச்சு, ரிப்போர்ட்டில் பச்சை நிறம் போட்டாச்சு. எந்தத் தொல்லைக்காக இதெல்லாம் செய்தோமோ அது அப்படியே இருக்கிறது. அதை யாராவது சொன்னால், "அதான் சாப்ட்வேர் வாங்கிக் கொடுத்தோமே" என்று பதில் வருகிறது.

எல்லோரும் ஏன் தீர்வோடுதான் வருகிறார்கள்?

நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். "பிரச்சினையைச் சொல்லிக்கொண்டு வராதே, தீர்வோடு வா" என்று எத்தனை மேலதிகாரிகள் பெருமையாகச் சொல்கிறார்கள்! பொறுப்புணர்வை வளர்க்கத்தான் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் அதைக் கேட்ட ஊழியர், தனக்குத் தீர்வு தெரியாத பிரச்சினைகளை மூடி வைத்துவிடுகிறார். பெரும்பாலும் அவைதான் பெரிய பிரச்சினைகள். தீர்வு தெரிந்தவற்றில் பிரச்சினையைச் சொல்லாமல் தீர்வை மட்டும் கேட்கிறார். இரண்டு வகையிலும் மேலாளருக்குத் தகவல் வந்து சேர்வதில்லை.

"தீர்வு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்ன நடக்கிறது, எது எப்படி மாற வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பழக்குங்கள்.

"எனக்கு இன்னொரு ஆள் வேண்டும்" என்று டீம் லீட் கேட்கிறார். இது தீர்வுதான் என்று தெரிகிறது. அவரிடம் எப்படிப் பேசுவது?

"அது தீர்வு, இலக்கைச் சொல்லுங்கள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாடம் எடுப்பது போலிருக்கும். "ஏன் ஆள் வேண்டும்?" என்பதும் சரிவராது. நம் அலுவலகங்களில் மேலே இருப்பவர் "ஏன்" என்றாலே கேட்பவர் குற்றம் சாட்டப்பட்டது போல நியாயங்களை அடுக்கத் தொடங்குகிறார்.

அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசுங்கள். "சரி, ஆள் வந்துவிட்டார். முதல் வாரம் அவருக்கு எந்த வேலையைக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே நிஜத்துக்கு இறங்கிவிடும்.

ஓர் உதாரணம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவு என்று வைத்துக்கொள்வோம்.

"பெண்டிங் புகார்களை எல்லாம் அவரிடம் கொடுத்துவிடுவேன் சார்."

"எது பெண்டிங் ஆகிறது? எல்லா வகையுமா?"

"இல்லை சார். ஆர்டர் விவரம் பாதியாக வரும் புகார்கள்தான். விற்பனைப் பிரிவுக்கு ஃபோன் செய்து, அவர்கள் தேடி எடுத்துச் சொல்வதற்குள் நாள் போய்விடுகிறது."

"அந்த விவரம் முதலிலேயே முழுதாக வந்தால்?"

"வந்தால் இப்போது இருக்கிற ஆட்களே போதும் என்றுதான் நினைக்கிறேன்."

ஆள் வேண்டும் என்பது இங்கே, "புகார் கையில் வரும்போதே அதைத் தீர்க்கத் தேவையான விவரம் கூடவே இருக்க வேண்டும்" என்று மாறிவிட்டது. இதற்கு வழிகள் பல. ஆர்டர் படிவத்தில் சில கட்டங்களை நிரப்பாமல் அனுப்ப முடியாதபடி செய்யலாம். விற்பனைப் பிரிவின் பதிவுகளை இந்த டீம் நேரடியாகப் பார்க்க அனுமதி வாங்கலாம். தினமும் ஒரு மணி நேரம் அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து உட்காரலாம்.

எல்லா நேரமும் பேச்சு இப்படி முடியாது. "எல்லா வகைப் புகாரும்தான் சார், எண்ணிக்கையே கூடிவிட்டது" என்று பதில் வரலாம். அப்படியென்றால் ஆள்தான் தேவை. அதை மேலே கேட்டு வாங்குவதற்கு இப்போது உங்களிடம் சரியான காரணம் இருக்கிறது. "வேலை ஜாஸ்தி" என்று பொதுவாகச் சொல்லும் கோரிக்கையைவிட அது எளிதாகப் பாஸ் ஆகும். ஆள் கொடுக்காமல் தப்பிக்கும் தந்திரமாக இந்தக் கேள்விகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தாலே டீம் அதைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் உங்கள் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது.

"ஐந்து முறை ஏன்" கேட்டால் இலக்கு கிடைத்துவிடும் என்கிறார்களே?

அது வேறு வேலைக்கான கருவி. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த டாய்ச்சி ஓனோ அதற்குச் சொன்ன உதாரணம் பிரபலமானது. இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை அதிகமாகி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள், சில மாதத்தில் மறுபடி நின்றிருக்கும்.

அருமையான முறை. ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் "எதனால் இப்படி ஆனது" என்று காரணத்தை நோக்கிப் போகின்றன. இயந்திரம் ஓட வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இலக்கு தெளிவாக இருக்கும் இடத்தில் காரணத்தைத் தேடுவது சரி. இலக்கே தெளிவில்லாத இடத்தில் "எதற்காக இது வேண்டும்" என்பதை முதலில் கேட்க வேண்டும். அதை முடிவு செய்யாமல் காரணத்தைத் தோண்டினால், யாருக்கும் தேவைப்படாத ஒரு ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது என்று ஒரு வாரம் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்போம்.

இலக்கைத் தேடி எவ்வளவு மேலே போவது? எதைக் கேட்டாலும் கடைசியில் "நிறுவனம் லாபமாக இருக்க வேண்டும்" என்றுதானே முடியும்?

நல்ல கேள்வி. பலர் சறுக்குவதும் இங்கேதான். எந்த இலக்கையும் அதற்கு மேலே இருக்கும் இன்னொன்றுக்கான தீர்வாகப் பார்க்க முடியும். அது குறையல்ல, அமைப்பே அப்படித்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் நிலவுப் பயணம். 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் யூனியன் யூரி ககாரினை விண்வெளிக்கு அனுப்பியது. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 20 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி துணை அதிபர் ஜான்சனுக்கு ஒரு சிறிய குறிப்பு அனுப்பினார். விண்வெளியில் ஆய்வகம் அமைப்பதா, நிலவைச் சுற்றி வருவதா, நிலவில் ராக்கெட்டை இறக்குவதா, மனிதனை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவதா, எதில் சோவியத்தை முந்த முடியும் என்று அதில் கேட்டிருந்தார். அந்த மட்டத்தில் இலக்கு, முந்துவது. நிலவு என்பது பட்டியலில் இருந்த பல தீர்வுகளில் ஒன்று.

மே 25 அன்று அவர் நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தத் தீர்வு ஒரு நாட்டின் இலக்காக மாறியிருந்தது: இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. நாசா பொறியாளர்கள் அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் எந்த வழி என்று விவாதித்தார்கள். ஒரே பிரம்மாண்டமான ராக்கெட்டில் நேராகப் போய் இறங்கித் திரும்புவது ஒரு வழி. பூமியின் சுற்றுப்பாதையில் பாகங்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவது இன்னொன்று. நிலவின் சுற்றுப்பாதையில் தாய்க்கலத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்ன ஊர்தியில் மட்டும் கீழே இறங்குவது மூன்றாவது. விண்வெளியில் இரண்டு கலங்கள் அருகருகே வந்து சந்தித்ததே அதுவரை கிடையாது. அதை நிலவுக்குப் பக்கத்தில் செய்வதா என்று அந்த மூன்றாவது வழியைப் பலர் ஆபத்தானதாக நினைத்தார்கள். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் விடாமல் அதற்காகவே வாதாடினார். 1961 நவம்பரில் தன் மேலதிகாரிகளைத் தாண்டி நாசாவின் உயர்மட்ட நிர்வாகிக்கே கடிதம் எழுதினார். 1962 ஜூலையில் நாசா அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் மனிதர்கள் நிலவில் இறங்கியதும் அதன்படியே.

"பிரம்மாண்டமான ராக்கெட் கட்ட வேண்டும்" என்பதே இலக்காக இருந்திருந்தால் ஹூபோல்டின் யோசனைக்கு உள்ளே நுழையவே இடம் இருந்திருக்காது. "நாடு முன்னேற வேண்டும்" என்பது இலக்காக இருந்திருந்தால் எந்தப் பொறியாளருக்கும் காலையில் என்ன வேலை செய்வது என்று தெரிந்திருக்காது.

ஆக, எங்கே நிறுத்துவது? நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். அந்த மட்டத்தில் நின்று பார்த்தால் குறைந்தது மூன்று வெவ்வேறு வழிகள் தெரிய வேண்டும். அவற்றில் ஒன்றையாவது செய்யும் அதிகாரம் இந்த அறையில் இருப்பவர்களுக்கு இருக்க வேண்டும். வழிகள் தெரியாவிட்டால் இன்னும் மேலே போங்கள். அதிகாரம் இல்லாவிட்டால் கீழே இறங்குங்கள்.

இலக்கை எழுதும்போது எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

என்ன மாற வேண்டும், யாருக்கு, எப்போதைக்குள். கூடவே எதை இழக்கக் கூடாது என்பதையும். கென்னடியின் வாக்கியத்தில் "பத்திரமாகத் திரும்ப" என்ற பகுதியைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் வேலை பாதியாகியிருக்கும், அந்தப் பாதியை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். "பில்களை மூன்று நாளுக்குள் பாஸ் செய்ய வேண்டும்" என்று எழுதினால் "தவறான பில் ஒன்றும் நழுவாமல்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எண்ணையே இலக்காக வைத்தால் தெளிவாக இருக்குமே?

எண் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் எண் என்பது இலக்கின் அடையாளம் மட்டுமே. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று எல்லாத் துறைக்கும் பொருந்துவதாகப் பேசப்படுகிறது: கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவின்மேல் அழுத்தம் கொடுக்கத் தொடங்கினால், அந்த அளவு முன்பு காட்டிய உண்மையைக் காட்டாமல் போய்விடும்.

வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கியில் நடந்தது இதற்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது. திருப்தியான வாடிக்கையாளர் ஒரே வங்கியில் பல சேவைகளை வைத்துக்கொள்வார். இது நியாயமான எண்ணம்தான். வங்கி அதை ஓர் எண்ணாக்கியது: ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகள். கிளை ஊழியர்களுக்கு அது தினசரி டார்கெட் ஆனது. டார்கெட்டை எட்ட முடியாதவர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்களை இதற்காக வேலையைவிட்டு நீக்கியிருந்ததும் தெரியவந்தது. அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு வங்கியே கணக்குச் சொன்னது. 2020-இல் இன்னும் 300 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசுடன் சமரசம் செய்துகொண்டது.

அந்த ஊழியர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் "வாடிக்கையாளர் நம்மை நம்பி மேலும் சேவைகளைக் கேட்க வேண்டும்" என்ற இலக்கு அவர்கள் கைக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் எட்டு என்ற எண்ணும் மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற மிரட்டலும்.

எண் வையுங்கள். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் அது எதைக் காட்டுவதற்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "எண் ஏறியும் அந்த வரி பொய்யானால் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று டீமிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்ல வருபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இரண்டு பிரிவுகள் மாதக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது?

இரு தரப்பும் எந்தத் தீர்வுகளுக்காக நிற்கிறார்கள் என்று பார்த்து, அவற்றைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920-களிலேயே நிறுவன மேலாளர்களுக்கு இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் சொன்ன ஒரு சம்பவம்: ஒரு பால் கூட்டுறவு அமைப்பில் பால் கேன்களை இறக்கும் மேடையில் யாருக்கு முன்னுரிமை என்று தகராறு. அந்தப் பால் நிலையம் சரிவில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் தாங்கள்தான் முதலில் இறக்க வேண்டும் என்றார்கள். கீழிருந்து ஏறி வருபவர்கள் தாங்கள்தான் என்றார்கள். அமைப்பே உடையும் நிலைக்குப் போய்விட்டது. அவர்களா, இவர்களா என்ற இரண்டைத் தாண்டி யாருமே யோசிக்கவில்லை. வெளியாள் ஒருவரிடம் ஆலோசனை கேட்டபிறகுதான் வழி கிடைத்தது: மேடையின் இடத்தை மாற்றினால் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் இறக்கலாம். "எங்களுக்கு முன்னுரிமை" என்பது தீர்வு. "காத்திருக்காமல் இறக்கிவிட்டுப் போக வேண்டும்" என்பதுதான் இருவருக்கும் இருந்த இலக்கு.

ஃபாலெட் இதைச் சமரசத்திலிருந்து பிரித்துக் காட்டினார். சமரசத்தில் இருவரும் பாதியை இழக்கிறார்கள். ஒரு நாள் நீ முதலில், மறுநாள் நான் என்று வைத்தால் தினமும் ஒருவர் காத்திருப்பார். மேடையை நகர்த்தியதில் யாரும் எதையும் இழக்கவில்லை.

உங்கள் இரண்டு பிரிவுகளிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், முதலில் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முன்னால் யாரும் தன் நிலையைத் தளர்த்த மாட்டார். "நீங்கள் கேட்டபடியே நடந்துவிட்டால் உங்கள் நாள் எப்படி மாறும்?" என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் ஒரே தாளில் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு எல்லோரையும் கூப்பிடுங்கள்.

இலக்குகளே மோதினால்?

மோதும். எல்லாச் சண்டைக்கும் நகர்த்துவதற்கு ஒரு மேடை இருப்பதில்லை. ஒரு பிரிவுக்கு வேகம் வேண்டும், இன்னொன்றுக்கு ஒரு பிழைகூட இல்லாத வேலை வேண்டும், ஆட்கள் இவ்வளவுதான் என்றால், எது முக்கியம் என்று ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவைக் கீழே இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலாளர் ஒதுங்குவது நியாயமில்லை.

மேலிடத்திலிருந்தே தீர்வுதான் உத்தரவாக வருகிறது. "எல்லோரும் ஒன்பது மணிக்கு சீட்டில் இருக்க வேண்டும்" என்று. எதிர்த்துக் கேட்க முடியுமா?

எதிர்க்காமலே கேட்கலாம். "செய்துவிடுகிறோம் மேடம். இதனால் எது சரியாக வேண்டும் என்று தெரிந்தால், அது நடக்கிறதா என்று நானும் கவனித்துச் சொல்வேன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "காலையில் வாடிக்கையாளர் ஃபோன் செய்தால் யாரும் எடுப்பதில்லை" என்று பதில் வரலாம். அப்படியானால் ஒன்பது மணிக்கு இருவர் இருந்தாலே போதுமா என்று அடுத்த பேச்சை எடுக்கலாம்.

சில நேரம் பதில் வேறு மாதிரி இருக்கும்: சட்டம் அப்படி, ஒப்பந்தம் அப்படி, பட்ஜெட் இவ்வளவுதான். இவை இலக்கும் இல்லை, தீர்வும் இல்லை, கட்டுப்பாடுகள். அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் உண்மையிலேயே கட்டுப்பாடுதானா என்று ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். "ஹெச்.ஆர். ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஹெச்.ஆரிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

"அவருக்கு மெமோ கொடுங்கள்", "அவரை டீமிலிருந்து மாற்றுங்கள்" என்று கேட்கிறார்கள். ஆள் விஷயத்திலும் இது பொருந்துமா?

இங்கேதான் மிக அதிகமாகப் பொருந்தும். தவறிழைத்தால் திரும்பப் பெற முடியாத இடமும் இதுதான். ஒரு கருவி பொருந்தாவிட்டால் தூக்கிப் போடலாம். ஒருவர் பெயரில் மெமோ ஏறிவிட்டால் அது அவர் பைலிலேயே இருக்கும்.

மெமோ கொடுப்பது தீர்வு. அதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: இவர் எதைச் செய்தால், அல்லது எதை நிறுத்தினால், எனக்குப் பிரச்சினை இல்லை? "பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும்", "மனப்பான்மை மாற வேண்டும்" என்றெல்லாம் எழுதினால் அது கோபம். அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் வரும்வரை இருந்து, பாக்கி வேலைகளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு. அதை அவரிடம் நேரில் சொல்லலாம். அவர் ஏன் சீக்கிரம் கிளம்புகிறார் என்பதும் அப்போது தெரியவரும். வீட்டில் நோயாளி இருக்கலாம், கடைசி பஸ் அந்த நேரத்தில் இருக்கலாம். பாக்கி வேலைகளை ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனாலே உங்கள் இலக்கு நிறைவேறிவிடுமா என்று பேசலாம்.

பேசியும் மாறவில்லை என்றால் மெமோவோ மாற்றமோ தேவைப்படலாம். தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஆனால் என்ன எதிர்பார்த்தோம் என்பது அவருக்கு முன்பே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அது நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கும் குறைந்தபட்ச நேர்மை.

தீர்வோடு வருபவரை எப்போதும் தடுத்து நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். சின்ன விஷயம், செலவு குறைவு, பிடிக்காவிட்டால் நாளைக்கே பழையபடி மாற்றிவிடலாம் என்றால், செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சர்வர் விழுந்துகிடக்கும்போதும் யாருக்காவது அடிபட்டிருக்கும்போதும் இலக்கு பற்றிய விவாதம் தேவையில்லை. அங்கே இலக்கு எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று: ஒருவர் கொண்டுவரும் தீர்வை நிராகரித்தாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். அவர் தினமும் பார்க்கும் ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது. "இதில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டால் அது வெளியே வரும்.

தீர்வு ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்தும் ஆயிற்று. அதன்பிறகு?

அதற்கு ஒரு தேதி வையுங்கள். "மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், இலக்கு நெருங்கியிருந்தால் தொடர்வோம், இல்லாவிட்டால் நிறுத்துவோம்" என்று தொடங்கும்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். தேதி இல்லாத தீர்வு நிரந்தரமாகிவிடும்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் இப்படி நிரந்தரமாகிவிட்டவை இருக்கும். யாரும் படிக்காத வாராந்திர ரிப்போர்ட், மூன்று கையெழுத்து வாங்கும் படிவம், பேச ஒன்றுமில்லாத திங்கட்கிழமை மீட்டிங். எப்போதோ ஓர் இலக்குக்காக வந்தவைதான். அந்த இலக்கு நிறைவேறியோ மறந்தோ போய், தீர்வு மட்டும் மிச்சமிருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து, "இது எதற்காகத் தொடங்கியது?" என்று டீமில் மூத்தவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், கணக்குத் தணிக்கைக்கோ சட்டத்துக்கோ அது தேவையில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். யாராவது தேடி வந்து கேட்டால் அவரிடம் அதன் இலக்கு என்ன என்று தெரிந்துகொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால் அந்த நேரத்தை டீமுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.